போனுக்குப் பூ போட்டுப் பார்த்தவன்

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. முப்பத்தோரு வருசம் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டினேன். லோரியிடம் என்ன பேசுவது. அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு வார்த்தை போதும் என்கிற இடத்தில் நான் அரை வார்த்தையோடு நிறுத்திக்கொள்வேன். அதனால் எனக்குப் பெரிய நட்டம் எதுவும் வந்ததில்லை. ஒரு தடவை மட்டும் வந்தது. அந்த ஒரு தடவையில், கோலசிலாங்கூரிலிருந்து புக்கிட் பெருந்துங் வரைக்கும் எனக்கு இரண்டு கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள்.

எல்லாம் ஒரு போன் வாங்கப் போய்.

என் பெயர் முத்தையா. தோட்டத்தில் ‘லோரி முத்தையா’ என்றால்தான் தெரியும். வயது அறுபத்திரண்டு. படிப்பு, தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு (ஆறாவதை முழுசாக முடித்தேனா என்று எனக்கே சந்தேகம்). நாங்கள் குடியிருந்த தோட்ட லயத்தை இடித்த பிறகு புக்கிட் பெருந்துங்கில் ஒரு சின்ன வீடு. பக்கத்துத் தொழிற்சாலையில் பகல் ஜாகா வேலை. கேட்டைத் திறக்க வேண்டும், மூட வேண்டும். அதற்கும் பேச்சு தேவையில்லை.

என் மனைவி அஞ்சலை போய் மூன்று வருசம் ஆகிறது. வீட்டில் பேசுகிற ஆள் அவள்தான். அவள் பேசுவாள், நான் இருப்பேன். இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் சேகர், பட்டர்வொர்த்தில். இளையவள் கலா, ஜொகூர் பாருவில். ஒருவன் வடக்கே, ஒருத்தி தெற்கே, நான் நடுவில். இரண்டு பேரும் வந்து கூட இருக்கச் சொன்னார்கள். “பார்க்கலாம்” என்றேன். மூன்று வருசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைக் கூப்பிட எனக்கு ஒரு காரணம் வேண்டும். ‘சும்மாதான் கூப்பிட்டேன்’ என்று சொல்ல என் வாய்க்கு வராது. அஞ்சலை இருந்தபோது அவள் கூப்பிட்டு எல்லாவற்றையும் பேசி முடிப்பாள். கடைசியில் போனை என் காதில் வைப்பாள். நான் “ம்” என்பேன். அதோடு சரி. அவள் போன பிறகு முதல் இரண்டு மாதம் போனைக் கையில் எடுப்பேன், பெயரைப் பார்ப்பேன், கீழே வைத்துவிடுவேன்.

அப்புறம் ஒரு நாள் போனில் எழுத்தெல்லாம் தன்னால் பெரிதாகிவிட்டது. ஒரு திரைக்கு மூன்று வார்த்தைதான் தெரிந்தது. சேகரைக் கூப்பிட்டேன். எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். அது ஐந்து நிமிசம். மீதிப் பத்து நிமிசம் அவன் மகளுக்கு முன்பல் விழுந்தது, கூரையில் ஒழுக்கு, புது சூப்பர்வைசர் சரியில்லை என்று அவனே பேசிக்கொண்டிருந்தான். நான் “ம்” சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகு வீடு கொஞ்ச நேரம் வேறு மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் சத்தம் வரவில்லை என்று கலாவைக் கூப்பிட்டேன். (சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது.)

அப்படியே பழக்கமாகிவிட்டது. வாரத்துக்கு ஒரு கோளாறு. ஒரு வாரம் அவனுக்கு, ஒரு வாரம் இவளுக்கு. உலகத்திலேயே அதிகம் கெட்டுப்போகிற போன் என்னுடையதுதான் என்று இரண்டு பேரும் நம்பினார்கள்.

ஒரு நாள் அது உண்மையாகவே கெட்டது. மோட்டாரில் போகும்போது சட்டைப்பையிலிருந்து விழுந்து, திரையில் கீழ்ப்பாதி கறுத்துவிட்டது. மேல்பாதியில் தெரிகிற பெயரை அழுத்திக் கூப்பிடலாம். வருகிற போனை எப்படியோ தடவி எடுக்கலாம். வாட்ஸ்அப் பார்க்க முடியாது. இது முக்கியம், பின்னால் வரும்.

புதுசு வாங்க வேண்டும் என்று முதலில் சேகரிடம் சொன்னேன். அவன் ஆண்ட்ராய்டு வைத்திருப்பவன்.

“ஆண்ட்ராய்டே வாங்குங்கப்பா. பழகின கை. ஐபோன் வாங்கினீங்கனா எனக்கு ஒண்ணும் தெரியாது, அப்புறம் என்னைக் கேக்காதீங்க” என்றான்.

கலாவிடம் சொன்னேன். அவளும் முன்பு ஆண்ட்ராய்டுதான் வைத்திருந்தாள். பழைய ஞாபகத்தில்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐபோனுக்கு மாறி இரண்டு வருசம் ஆகிவிட்டது.

“ஐபோன் வாங்குங்கப்பா. ஒண்ணு வாங்கினா வருசக்கணக்குல ஓடும். ஆண்ட்ராய்டுல இப்ப எல்லாத்தையும் மாத்திட்டாங்க, எனக்குத் தெரியாது. அதை வாங்கினா அண்ணனையே கேட்டுக்குங்க” என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னார்கள் இரண்டு பேரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒருவன் மைலோ கேட்டால் இன்னொருத்தி தேத்தண்ணி கேட்பாள். ஆனால் எனக்கு அது வேறு மாதிரி விழுந்தது. ஐபோன் வாங்கினால் சேகரைக் கூப்பிடக் காரணம் இல்லை. ஆண்ட்ராய்டு வாங்கினால் கலாவைக் கூப்பிடக் காரணம் இல்லை. இரண்டு பிள்ளைகளில் எதை வைத்துக்கொள்கிறாய் என்று யாரோ கேட்பது போல இருந்தது.

புக்கிட் செந்தோசாவில் ஒரு போன் கடைக்குப் போனேன். கடையில் ஒரு தமிழ்ப் பெண், கலாவை விடச் சின்னவள். இரண்டு ஜாதிப் போனையும் கண்ணாடி மேல் எடுத்து வைத்தாள். இது படம் நன்றாக எடுக்கும், அதில் சார்ஜ் சீக்கிரம் ஏறும், இதில் இடம் கூட, அது பாதுகாப்பு என்று பத்து நிமிசம் சொன்னாள். நல்ல பெண். எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

“அங்கிள், நீங்க போன்ல என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள்.

“பேசுவேன்.”

“யார்கூட?”

கொஞ்ச நேரம் கண்ணாடிக்குள் இருந்த போன் உறைகளைப் பார்த்தேன்.

“ஈசியா சொல்றேன் அங்கிள். வீட்டுல மத்தவங்க எது வச்சிருக்காங்களோ அதையே வாங்குங்க லா. அப்பதான் ஹெல்ப் பண்ணுவாங்க.”

“வீட்டுல நான் மட்டும்தான்” என்றேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். ஒரு மாதம் யோசித்தேன். என்னோடு வேலை செய்யும் நேப்பாளிக்காரனைக் கேட்டேன். அவன் ஆண்ட்ராய்டு என்றான். முடி வெட்டுகிறவரைக் கேட்டேன். அவர் ஐபோன் என்றார். கணக்குச் சமமாகவே நின்றது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்திருக்கக் கூடாது.

எங்கள் பழைய தோட்டத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. லயத்தை இடித்தவர்கள் கோயிலை விட்டுவைத்தார்கள். அங்கே பூ போட்டுப் பார்ப்பது ஒரு வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக வாழையிலையில் மடித்து நூலால் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். நினைத்ததை மனசுக்குள் சொல்ல வேண்டும். சூடம் காட்டியதும் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பார்கள். எது வருகிறதோ அதுதான் உத்தரவு. பெண் எடுப்பது, நிலம் வாங்குவது, ஆப்பரேசன் செய்வது எல்லாம் அப்படிக் கேட்டுத்தான் நடந்திருக்கிறது. போனுக்கு யாரும் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். மோட்டாரை எடுத்துக்கொண்டு பத்தாங் பெர்ஜுந்தை வழியாகப் போனேன். ஒரு மணி நேரம். வழியெல்லாம் யோசித்து, வெள்ளை ஐபோன், சிவப்பு ஆண்ட்ராய்டு என்று முடிவு செய்துகொண்டேன். கலா போன் வெள்ளை, அதனால்.

கோயிலில் பூசாரியும் நாகப்பன் மண்டோரும் இருந்தார்கள். நாகப்பன், தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கோயில் செயலாளர். எங்களை வேலை வாங்கிய பழக்கத்தில் அம்மனையும் கொஞ்சம் வேலை வாங்குவார். பூ போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். பூசாரி பூவை எடுத்து வைத்தார்.

“செய்யலாமா, வேணாமானுதானே?” என்று கேட்டார்.

“இல்ல. ரெண்டுல எதுனு.”

பூசாரி மண்டோரைப் பார்த்தார். மண்டோர் துண்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்தார். என்ன விசயம் என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மன் முன்னால் நின்று ‘போன்’ என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. முகம் வேறு சுட்டது. நல்ல காரியமா என்று கேட்டார். சன்னதியில் நின்றுகொண்டு இல்லை என்றா சொல்ல முடியும். தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு தலையாட்டு.

பொட்டலத்தை எடுக்க வழக்கமாகச் சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் இப்போது தமிழ்ப் பிள்ளையே கிடையாது. வேலை செய்வதெல்லாம் வெளிநாட்டு ஆட்கள். அதனால் மண்டோரே எடுத்தார். பிரித்தார். வெள்ளை.

ஐபோன். கலா.

முடிந்தது என்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த வெள்ளைப் பூவைப் பார்த்ததும் எனக்கு சேகர் ஞாபகம்தான் வந்தது. ஒழுகுகிற கூரை, பல் விழுந்த பேத்தி. இனி அதையெல்லாம் எனக்கு யார் சொல்வார்கள்.

“இன்னொரு தடவை போடுங்க” என்றேன்.

அப்படிக் கேட்கிற வழக்கமே கிடையாது. பூசாரி முகம் மாறிவிட்டது. ஆனாலும் போட்டார். மண்டோர் எடுத்தார். சிவப்பு.

இப்போது கலா ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பூசாரி முந்திக்கொண்டார்.

“திருப்பித் திருப்பி ஓட்றதுக்கு அம்மா என்ன உன் லோரியா? ரெண்டுக்கும் உத்தரவு குடுத்துட்டா. போ.”

திருநீறு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். போனதை விடக் குழப்பமாக வந்தேன்.

நான் பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டுவதற்குள் மண்டோர் கோயில் வாட்ஸ்அப் குழுவில் பேசிப் போட்டுவிட்டார். பிறகு அதை நானே பல தடவை கேட்டிருக்கிறேன், அதனால் வார்த்தை மாறாமல் சொல்ல முடியும். “எல்லாருக்கும் வணக்கம். நம்ம லோரி முத்தையா இன்னிக்கு அம்மா சன்னதியில பூ போட்டுப் பாத்தாரு. மூணு வருசம் தனியா இருந்தாரு, பாவம். ரெண்டு எடம் வந்திருக்கு போல. அம்மா ரெண்டுக்கும் உத்தரவு குடுத்துட்டா. இனி அவரு பாடு. யாரும் வெளிய சொல்லாதீங்க.”

குழுவில் நூறு பேருக்கு மேல். தோட்டத்தை விட்டு எங்கெங்கோ போனவர்கள் எல்லாரும் அதில்தான் இருக்கிறார்கள். நானும் இருக்கிறேன். என்னுடைய பாதித் திரை மட்டும் கறுப்பு. இந்தச் செய்தி தெரியாத ஒரே ஆள், மாப்பிள்ளை.

சனிக்கிழமை எனக்குச் சில விசயம் புரியவில்லை. பக்கத்து வீட்டு ராணியம்மா வாரா வாரம் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்புவார். அன்றைக்கு வரவில்லை. (சமைக்க ஆள் வரப்போகிறது, அதுவும் இரண்டு ஆள், தன் குழம்பு எதற்கு என்று நினைத்தாராம்.) பாகான் நக்கோடா ஓமாரில் மீன் வியாபாரம் செய்கிற என் பெரியப்பா மகன் கூப்பிட்டான். வருசத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறவன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டான். போன் விசயம் இவன் வரைக்கும் எப்படிப் போனது என்று நினைத்துக்கொண்டு, “பழசு ஒடஞ்சி போச்சி, என்ன பண்றது” என்றேன். அவன் சட்டென்று போனை வைத்துவிட்டான்.

அன்று மத்தியானம் சேகர் கூப்பிட்டான். “நாளைக்கு வீட்டுல இருங்க” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கலா கூப்பிட்டு அதையே சொன்னாள். நான் எங்கே போகப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். சேகர் கார் வந்து நின்றது. அரை மணி நேரத்தில் கலா காரும் வந்தது. இருட்டோடு கிளம்பியிருக்கிறாள். அஞ்சலை காரியம் முடிந்த பிறகு இரண்டு பேரும் ஒரே நாளில் இந்த வீட்டுக்குள் வந்தது அன்றைக்குத்தான். பெருநாள் எதுவும் இல்லை. யாரும் சாகவும் இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

கலா நேராக உள்ளே போய்ச் சுவரில் அம்மா படம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. சேகர் சமையல்கட்டுக்குப் போனான். தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பி வர நேரமாகிவிட்டது. தட்டு வைக்கிற இடத்தில் ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு கரண்டி. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றானாம். பிறகு சொன்னான்.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். யாரும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் என் பிள்ளைகள் என்னைக் கொண்டவர்கள். கடைசியில் கலாதான் ஆரம்பித்தாள்.

“வேணாம்னு சொல்ல வரலப்பா. தனியா இருக்கீங்க, எங்களுக்கும் தெரியும். ஆனா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.” கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

சேகர் தொண்டையைச் செருமினான். “ஒண்ணுன்னா கூட சரிப்பா. ரெண்டு எதுக்கு?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்றுதான் வாங்கப்போகிறேன், இன்னும் எது என்று தெரியவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார் சத்தம். நாகப்பன் மண்டோர். கையில் வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை பாக்கு. பிள்ளைகளைப் பார்த்ததும் அவருக்கு ரொம்ப சந்தோசம்.

“வந்துட்டீங்களா. நல்லதாப் போச்சி. கோயில் மண்டபத்துக்கு இப்பத்தான் புது ஓடு பதிச்சோம். அங்கேயே வச்சிக்குவோம். ரெண்டையும் ஒரே நாள்ல வச்சிக்கிட்டா எல்லாருக்கும் தோது” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “பொண்ணுங்க எந்த ஊரு?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் புரிந்தது. பூசாரியின் முகம், ராணியம்மாவின் குழம்பு, பெரியப்பா மகனிடம் நான் சொன்ன பதில். சுவரில் இருந்த அஞ்சலையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போனுக்கு” என்றேன்.

யாருக்கும் விளங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து உடைந்த போனை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

“பூ போட்டது போனுக்கு. வெள்ளை ஐபோன். சிவப்பு ஆண்ட்ராய்டு.”

முதலில் சிரித்தது சேகர். அவன் சிரித்து நான் பார்த்து வருசக்கணக்கு இருக்கும். பிறகு கலா, அழுதுகொண்டே சிரித்தாள். மண்டோர் மட்டும் சிரிக்கவில்லை. வாழைப்பழத்தை மேசையில் வைப்பதா திருப்பி எடுத்துக்கொண்டு போவதா என்று யோசித்துக்கொண்டு நின்றார். கடைசியில் வைத்துவிட்டு, “இதைக் குழுவுல நான் எப்படிச் சொல்றது” என்று முனகிக்கொண்டே போனார். (இதுவரைக்கும் சொல்லவில்லை. அதனால் பாதிப் பேர் இன்றைக்கும் எனக்கு இரண்டு பெண்டாட்டி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.)

சிரிப்பு அடங்கியதும் கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “கடையில கேட்டா சொல்லிட்டுப் போறாங்க. இதுக்குப் போயி ஏம்ப்பா அம்மன்கிட்ட பூ போட்டீங்க?”

அங்கேயும் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் பேசாமல் இருந்து வந்த வினையைத்தான் இப்போது பார்த்தோமே. அதனால் சொன்னேன்.

“ஐபோன் வாங்கினா என்னைக் கேக்காதீங்கன்னு அவன் சொன்னான். ஆண்ட்ராய்டு வாங்கினா என்னைக் கேக்காதீங்கன்னு நீ சொன்ன. கேக்காம நான் என்ன சொல்லிக் கூப்பிடுறது?”

அவ்வளவு நீளமாக நான் பேசியது அவர்களுக்குப் புதுசு. எனக்கும் புதுசு. இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேசையில் அந்த வாழைப்பழச் சீப்பும் உடைந்த போனும் இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து சேகர் ஒரு பழத்தைப் பிய்த்து உரித்துத் தங்கச்சியிடம் கொடுத்தான்.

மத்தியானம் மூன்று பேரும் புக்கிட் செந்தோசா கடைக்குப் போனோம். அதே பெண்தான் இருந்தாள். அண்ணனும் தங்கச்சியும் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். படம், சார்ஜ், இடம், எல்லாவற்றுக்கும். கடைக்காரப் பெண் என்னைப் பார்த்தாள். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சண்டை அவ்வளவு சீக்கிரம் முடிய வேண்டியதில்லை என்று இருந்தது எனக்கு.

கடைசியில் ஆண்ட்ராய்டுதான் வாங்கினோம், பழகின கை என்று. கலா ஒன்றும் சொல்லவில்லை. சாயந்திரம் இரண்டு காரும் போய்விட்டன, ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. கழுவி வைத்த மூன்று தட்டில் இரண்டை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் மருமகன் மூலமாக ஒரு விசயம் தெரிந்தது. கலா தன்னுடைய பழைய ஆண்ட்ராய்டை அலமாரியிலிருந்து தேடி எடுத்து சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாளாம். சிம் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பா கேட்டால் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று சும்மா வைத்திருக்கிறாளாம்.

அன்றிலிருந்து என் போனுக்குப் பெயர் சின்னம்மா. வைத்தவன் சேகர். “சின்னம்மா சாப்பிட்டாங்களா?” என்றால் சார்ஜ் போட்டேனா என்று அர்த்தம். பேத்தி அதைப் பாட்டி என்கிறாள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்த ஒருவர், எனக்கு யாரென்றே தெரியாது, “மூத்தவங்க வரலியா?” என்று மரியாதையாக விசாரித்தார். நான் பாயசத்தைக் குடித்தேன்.

புதுப் போன் நல்ல போன். அதுதான் அதில் குறை. லேசில் கெடுவதில்லை. சில வாரம் ஒரு கோளாறும் வராது. வேலை முடிந்து வந்து, ஒரு தட்டுச் சோறு தின்றுவிட்டு, அதை மேசையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பேன். அதுவும் பேசாது, நானும் பேசமாட்டேன்.

அப்புறம் எடுத்து ஏதாவது ஒன்றை அழுத்தி, எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு, கலாவைக் கூப்பிடுவேன்.

“என்னப்பா, சின்னம்மா என்ன பண்றாங்க?” என்பாள்.

“கோவிச்சிக்கிட்டா” என்பேன்.